ரபன்சல் மறுகதைகள்: பெயருக்குள் பொருள் இருக்கிறதா, நாமே ஏற்றுகிறோமா? (மூவர் விவாதம்)

கீரைக்கட்டு:
ரபன்சல் என்பது ஒரு கீரையின் பெயர். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சேற்றிய கதையில், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கீரைமேல் ஆசை வருகிறது. புருஷன் சுவரேறிக் குதித்துத் திருடுகிறான், மாட்டிக்கொள்கிறான், பிறக்கப்போகும் குழந்தையைத் தருவதாக ஒப்புக்கொண்டு தப்பிக்கிறான். தோட்டக்காரி அந்தக் கீரையின் பெயரையே பிள்ளைக்கு வைத்துத் தூக்கிப்போகிறாள், பிறகு ஒரு கோபுரத்தில் அடைத்துவைக்கிறாள். பெண்ணின் நீளமான முடியைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும்.

மரிசா மேயர் பழைய தேவதைக் கதைகளை விண்வெளிக் காலத்துக்கு மாற்றி எழுதிய நாவல் தொடரில், 2014-இல் வந்த 'கிரெஸ்' நாவலில் கோபுரத்துக்குப் பதில் செயற்கைக்கோளில் அடைபட்டிருப்பவள் பெயர் கிரெஸ். அதுவும் சாலட்டில் போடும் கீரைதான்! முழுப்பெயர் கிரெசன்ட் மூன், பிறை நிலா. அவள் நிலவில் பிறந்தவள். பழைய கதையும் புதுக்கதையும் ஒரே பெயரில். இதைக் கவனிக்காமல் படிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள்.

சந்தேகராமன்:
கிரெஸ் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாப் பெயரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டுமா? டிஸ்னியின் 2010 ரபன்சல் படத்தில் குழந்தையைக் கடத்தும் கிழவி பெயர் கோதெல். ஜெர்மன் வட்டார வழக்கில் அது ஞானத்தாயைக் குறிக்கும் சாதாரணச் சொல். கிரிம் கதையில் அந்தப் பெண் கிழவியை அப்படித்தான் கூப்பிடுகிறாள், நாம் 'பெரியம்மா' என்பதைப்போல. படத்தில் அது ஆள்பெயராகிவிட்டது. ஒளித்து வைத்தது என்று எதுவும் இல்லை, மூலத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தில் கீரையே கிடையாது. மந்திரப் பூதான் ராணியைக் காப்பாற்றுகிறது. அப்புறம் எதற்கு ரபன்சல் என்ற பெயர்? இளவரசியைக் கடத்திப்போனவள் பெயரைக்கூட மாற்றாமல் வளர்க்கிறாள், கெட்டிக்காரி!

கீரைக்கட்டு:
நீங்கள் என் கட்சிக்கே வாதாடுகிறீர்கள் சார். படம் காரணத்தைத் தூக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது, அதனால் அங்கே பெயர் வெறும் சத்தம். மேயர் அப்படி விடவில்லை. கிரெஸ்ஸின் குடும்பப்பெயர் டார்னெல். கோதுமை வயலில் கோதுமை மாதிரியே வளரும் களை அது. பைபிளில் மத்தேயு 13-இல் சத்துரு வந்து விதைத்துவிட்டுப் போகும் களை இதுதான் என்பார்கள். கிரெஸ்ஸும் பார்வைக்கு மற்ற நிலவு மக்களைப்போலத்தான், ஆனால் அவர்களுடைய மனோசக்தி இல்லாமல் பிறந்தவள். அப்படிப் பிறக்கும் குழந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது அரசி லெவானாவின் சட்டம். களையெடுப்பு!

சந்தேகராமன்:
கதை தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டார்னெல் அவள் அப்பாவின் பெயர், சேஜ் டார்னெல். அவருக்கு அந்தச் சக்தி இருக்கிறது. அப்போது களை யார்? சேஜும் மூலிகை, கிரெஸ்ஸும் கீரை, குடும்பமே தோட்டம் என்ற விளையாட்டு வரைக்கும் வருகிறேன். மத்தேயு நீங்கள் கொண்டுவந்தது. தவிர, அந்தக் களை நஞ்சு. அந்தத் தொடரிலேயே கூச்ச சுபாவமுள்ள, சாதுவான பெண் அவள்தான்.

கீரைக்கட்டு:
நஞ்சு என்பது லெவானாவின் பார்வை. சட்டம் போட்டவள் அவள்தானே? அப்பாவிடமிருந்து வந்தது என்பதெல்லாம் கதைக்குள்ளே உள்ள நியாயம். அப்பாவுக்கும் பெயர் வைத்தது மேயர்தான்.

மாடிப்படி:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. அந்தத் தொடரில் மற்ற மூன்று நாவல்கள் சின்டர், ஸ்கார்லெட், வின்டர். சாம்பல், சிவப்பு, பனிக்காலம். சின்ட்ரெல்லா, சிவப்புக் குல்லாய்ப் பெண், ஸ்னோ ஒயிட் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அட்டையிலேயே பெரிதாக அச்சடித்திருப்பதை ரகசியம் என்று எப்படிச் சொல்வது?

சந்தேகராமன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கீரைக்கட்டு:
அந்த மூன்றுக்கும் சரி. மிச்சமுள்ள கிரெஸ்ஸை மட்டும் கீரைக் கதை தெரியாத யாரிடமாவது காட்டி, எந்த இளவரசி என்று கேட்டுப்பாருங்கள். நீளமான முடி என்று க்ளூ கொடுத்தால்தான் ரபன்சல் என்பார்கள், கீரை என்று ஒருவருக்கும் தோன்றாது.