பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேச ஆள் வேண்டும்

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் கடலோர அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என்ன ஆகப்போகிறீர்கள் என்று பிளஸ் டூ பிள்ளைகளைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னேன். போலீஸ், நர்ஸ், டீச்சர், பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு மாணவி மட்டும் ‘தெரியல’ என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள். அப்பாவின் படகு இன்ஜின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுகிற பிள்ளை அது! சிஃப்நெட் என்கிற மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கே மரைன் ஃபிட்டர் (கப்பல் இன்ஜின் மெக்கானிக்) பயிற்சி உண்டு, 2 வருடம் என்றேன். “பொண்ணுங்க யாராவது படிச்சிருக்காங்களா சார்?” என்று கேட்டாள். அங்கே படித்தவர்கள் இருந்தால் அவளிடம் பேசுங்களேன். அப்புறம், சர்வேயர், லேப் டெக்னீஷியன், மீன்வளம் படித்தவர்கள் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் வீடியோ காலில் வர முடியுமா? முதல் சம்பளம், வேலையின் கஷ்டம், எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னால் போதும்.