பைசன் பர்கருக்குள் சீஸ் வைத்துச் சுட்டவர்கள் வரலாம்

டென்வர்வாசி

போன சனிக்கிழமை பின்வாசல் டெக்கில் கிரில்லைப் பற்றவைத்து, உள்ளே சீஸ் வைத்த பைசன் பர்கர் செய்தேன் (பைசன் என்பது திமில் வைத்த பெரிய மாட்டினம், அதன் அரைத்த கறியில் செய்வது). நாலு செய்ததில் மூன்று வாயைப் பிளந்துகொண்டன. செடார் சீஸ் கம்பிகளுக்கு நடுவே ஒழுகி, கீழே தீ குப்பென்று கிளம்பி, என் முன்கை ரோமம் கருகியதுதான் மிச்சம். கறி பள்ளிக்கூட டஸ்டர் மாதிரி இருந்தது. பொண்ணு ஒரு வாய் கடித்துவிட்டு, "அப்பா, கெட்சப் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

கதைக்கு முன்னால் ஒரு பெயர்ச் சிக்கல். பன்னுக்கு நடுவில் வைக்கிற அந்தக் கறி வட்டத்தை, இங்கிலீஷில் patty என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படி எழுதுவது? பாட்டி என்றால் ஆயா வந்து நிற்கிறார், பேட்டி என்றால் நிருபர் வந்து நிற்கிறார். நான் வடை என்றே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மாட்டுக்கறி பர்கர் செய்து பழகிய கை. இதையும் அதே பெருந்தீயில் போட்டேன். பாக்கெட்டில் கொழுப்பு 10 சதவீதம் என்று போட்டிருந்ததைப் படித்தேன்தான், மண்டையில் ஏறவில்லை. பர்கருக்கு வாங்கும் மாட்டுக்கறியில் 20 சதவீதம் இருக்கும். அது உருகி உருகிக் கறியைக் காப்பாற்றும். பைசனில் உருக அவ்வளவு கிடையாது, சீக்கிரம் வெந்துவிடும். வெளியே காய்ந்துகொண்டிருக்க, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வைத்த சீஸ் கட்டி உள்ளே ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. அது உருகட்டும் என்று விட்டதில் கறி போயிற்று. போதாக்குறைக்கு உப்பை முன்னாலேயே போட்டு, மசால்வடை மாவு மாதிரி அழுத்திப் பிசைந்திருந்தேன். அப்படிச் செய்தால் கறியின் புரதம் ஒன்றோடொன்று இறுகி சாசேஜ் பதத்துக்குப் போய்விடும்.

உங்களில் யாருக்காவது சரியாக வந்திருக்கிறதா? வராதவர்களும் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

மினசோட்டா குளிர்

அண்ணா, நீங்கள் செய்ய நினைத்தது எங்கள் ஊர்ச் சரக்கு. மினியாபொலிஸில் இதற்கு ஜூஸி லூசி என்று பெயர். சீடர் அவென்யூவில் இருக்கும் மேட்ஸ் பார், ஃபைவ் எயிட் கிளப் இரண்டுமே தாங்கள்தான் முதலில் செய்தோம் என்கின்றன. 2014-இல் ஒபாமா வந்து மேட்ஸ் பாரில் சாப்பிட்டுப் போனார். அங்கே செய்வது மாட்டுக்கறியில், கிரில்லில் இல்லை, தட்டையான இரும்புக் கல்லில்.

நான் முதல்முறை சாப்பிட்டபோது "கொஞ்சம் ஆறட்டும்" என்று பரிமாறிய பெண்மணி சொல்லியும் கேட்காமல் கடித்தேன். கொதிக்கிற சீஸ் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. மூன்று நாள் மோர் சாதம்தான். வீட்டில் பைசனில் செய்யும்போது இப்போதெல்லாம் தட்டில் எடுத்து ஐந்து நிமிடம் யாரையும் தொடவிடுவதில்லை.

செடாருக்குப் பதில் அமெரிக்கன் சீஸ் (துண்டு துண்டாக வரும் பதப்படுத்திய சீஸ்) போடுங்கள். மட்டமான சாமான் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். செடார், அதுவும் நன்றாக முதிர்ந்தது, சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓடும். அமெரிக்கன் சீஸ் குழம்பு மாதிரி கட்டாக உருகி நிற்கும். கட்டியாக வைக்காமல் ஒரு துண்டை நாலாகக் கிழித்து அடுக்கினால் சீக்கிரம் உருகும்.

ரேபிட் சிட்டி அம்மணி

எங்கள் பக்கம் பைசன் கடையிலும் உண்டு, ரோட்டிலும் உண்டு. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது கஸ்டர் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப் போனோம். செப்டம்பர் கடைசியில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைசன்களைக் குதிரைக்காரர்கள் ஓட்டி வந்து பட்டியில் அடைப்பார்கள். நாங்கள் போனது அதற்கு முன்பே. ஒன்று ரோட்டை மறித்து நின்றது, கார் கண்ணாடிக்கு நேராக அந்தத் திமில். இருபது நிமிடம் அசையவில்லை. அத்தை கந்த சஷ்டி கவசம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் பைசன் பர்கர் செய்ய உட்கார்ந்ததுதான் கூத்து. அத்தை கறி சாப்பிடாதவர், தள்ளி நின்றுதான் பார்த்தார். இவர் இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓரத்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, சோமாசுக்கு இப்படியா ஓரம் ஒட்டுவே? பூரணம் எண்ணெயிலே கொட்டிடாது? கீழ் வட்டத்தைப் பெரிசாத் தட்டு, மேலே தூக்கி மடி. விரலைத் தண்ணியிலே தொட்டுக்கோ." அத்தை தொடவில்லை, வாயாலேயே நாலையும் மூடவைத்தார். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அதிலிருந்து அப்படித்தான். 1 பவுண்டு கறிக்கு மூன்று வடை, பூரணம் வடைக்கு ஒரு மேஜைக்கரண்டிக்கு மேல் போகாது, ஓரத்தில் அரை அங்குலம் வெறுமையாக விடவேண்டும். மூடியபின் அரை மணி ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டிப்பட்டு கிரில்லில் உடையாது.

கொடைக்கானல் ராசா

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் சாயங்காலம் காட்டுக்குள் இருந்து இறங்கி வருமே, அதைத்தான் எல்லாரும் பைசன் என்பார்கள். அதையா தின்கிறீர்கள்?!

டென்வர்வாசி

ஐயோ, இல்லை ராசா. அது காட்டுமாடு. இந்தியாவில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் ஜெயில். வெள்ளைக்காரன் அதற்கும் பைசன் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். இங்கே உள்ளது வேறு இனம். 19-ஆம் நூற்றாண்டில் கோடிக்கணக்கில் இருந்ததை வேட்டையாடி ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டி என்று அறிவித்தார்கள். கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்ப்பது.

கறிக்கடை கணக்கு

எல்லாரும் சுவையைப் பற்றியே பேசுகிறீர்கள். போன கோடையில் "பைசனை உள்ளே சிவப்பாக விட்டால்தான் ருசி" என்று ஒரு நண்பர் வீட்டில் பரிமாறினார்கள். ஸ்டேக் (அரைக்காத முழுத் துண்டு) என்றால் சரி, கிருமி மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும், சூட்டில் போய்விடும். அரைத்த கறியில் அது உள்ளே வரை கலந்துவிடுகிறது. அதுவும் இதில் நடுவில் பூரணம் வேறு. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

அரைத்த கறிக்கு 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பைசன் இயல்பிலேயே கருஞ்சிவப்பு. தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் குத்துங்கள். நான் மேலிருந்து குத்தி, முனை உருகிய சீஸில் நின்று, அந்தச் சூட்டைக் கறியின் சூடு என்று நம்பி ஏமாந்திருக்கிறேன். கறியில் ஒரு தடவை, பூரணத்தில் ஒரு தடவை பாருங்கள், இரண்டும் ஏறியிருக்க வேண்டும்.

அவ்வளவு வேகவைத்தால் வறண்டுவிடுமே என்பீர்கள். அதற்குத்தான் வெங்காயம். பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஆறவைத்து, கறியோடு விரல் நுனியால் லேசாகக் கலந்துவிடுவேன். பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. அப்படியென்றால் பைசன் எதற்கு வாங்கினோம் என்பது என் கட்சி.

டென்வர்வாசி

நேற்று மறுபடி செய்தேன். உப்பைக் கிரில்லுக்குப் போகும் நிமிடத்தில் மேலே மட்டும் தூவினேன். சீஸை வெளியே எடுத்து வைத்து ஜில்லு விட்டபின் கிழித்து அடுக்கினேன், கூடவே வதக்கிய பச்சைமிளகாய் கொஞ்சம். ஓரம் சோமாசு மடிப்பு (அத்தைக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்). கிரில்லில் பாதி பர்னரை அணைத்துவிட்டு, கம்பியில் எண்ணெய் தடவி, தீயுள்ள பக்கம் இரண்டு புறமும் நிறம் வரும்வரை போட்டு, பிறகு தீயில்லாத பக்கம் நகர்த்தி மூடியை மூடினேன்.

ஒன்றின் ஓரத்தில் ஒரு துளி சீஸ் எட்டிப் பார்த்தது. கரண்டியால் அதை ஓர் அமுக்கு அமுக்கத் துடித்த கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். 162 காட்டியதும் எடுத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து வெட்டினால் சாறு தட்டில் இறங்கியது, சீஸ் நூலாக இழுபட்டது.

பொண்ணு இந்தத் தடவையும் கெட்சப் கேட்டாள். அப்புறம் என் தட்டில் இருந்த பாதியையும் கேட்டாள்.