மூன்று நாள் நிறுத்தினால் ஸ்விப்ட் கிளம்ப மறுக்கிறது, புது பேட்டரி போட்டும் தீரவில்லை. உதவுங்கள்!

திருநகர் வெள்ளை ஸ்விப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஸ்விப்ட். நான் இரண்டாவது ஓனர், தை மாதம் வாங்கினேன். இன்ஜின், கியர், ஏசி எதையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு தொல்லைதான். ஞாயிறு இரவு ஷெட்டில் நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது. வியாழக்கிழமை சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. வேலைக்கு பைக்கில் போய்விடுவேன், கார் சனி ஞாயிறுக்கு மட்டும்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னதால் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி புதிதாகப் போட்டேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மறுபடி அதே கதை. போன வெள்ளிக்கிழமை அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்பர் கேபிள் போட்டுத்தான் கிளப்பினோம்.

வாங்கிய பிறகு நான் மாட்டியவை: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, இரட்டை ஹாரன், சீட் கவர். இப்போது ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகத்தை, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

காளவாசல் டீசல்:

ஆல்டர்னேட்டரேதான், சந்தேகம் வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் போச்சு என்று அர்த்தம். எங்கள் அம்பாசடரில் இப்படித்தான் கண்டுபிடிப்போம்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். கார்புரேட்டர் காலத்து வித்தை அது. இப்போதைய வண்டியில் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் அடி வாங்கினால் பேட்டரி செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. எண்ணைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஒத்தக்கடை ஐ10:

பானெட்டைத் திறந்து எலி வேலை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வயல் பக்கம் வீடு, எனக்கு இரண்டு முறை வயரைக் கடித்து வைத்தது. சிரிக்காதீர்கள்.

திருநகர் வெள்ளை ஸ்விப்ட்:

எலி இல்லை, பார்த்துவிட்டேன். மீட்டர் வாங்கினேன். மேலூர் வரை போய்த் திரும்பிய அன்று இரவு 12.6. ஓடும்போது 14.2. இரண்டு நாள் தொடாமல் விட்டுப் பார்த்தால் 12.0.

பழைய ஸ்பேனர்:

அப்படியானால் ஆல்டர்னேட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். பேட்டரியும் நல்லதுதான். நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. அது எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் குத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். வண்டி குடிக்கும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால், ஸ்க்ரூடிரைவரால் கதவு லாக்கைத் தள்ளி மூடிய மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். மாட்டியவுடன் எண் பெரிதாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் எல்லாம் தூங்கிவிடும்.

அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. டேஷ்போர்டில் மினுக்கும் சிவப்பு விளக்கு, கடிகாரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதிகமாக இருந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் காலி.

வாடிப்பட்டி ஆல்டோ:

அளப்பதற்கு முன் ஒரு கேள்வி அண்ணா. சாவியை எடுத்தவுடன் ஸ்டீரியோ தானாக அணைகிறதா?

திருநகர் வெள்ளை ஸ்விப்ட்:

இல்லை, நான்தான் பொத்தானை அழுத்தி அணைப்பேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அது நானே கேட்டு வாங்கிய வசதி. அப்பாவுக்கு முழங்கால் வலி. திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போனால் படியேற முடியாமல் வண்டியிலேயே உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்பார். சாவியை அவரிடம் விட எனக்கு மனசு வராது. அதனால் சாவி இல்லாமலும் பாட வேண்டும் என்று மாட்டும்போதே சொல்லியிருந்தேன்.

வாடிப்பட்டி ஆல்டோ:

அப்படியென்றால் ஸ்டீரியோவின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி நேரடி பேட்டரி லைனில் கொடுத்திருப்பார்கள். மஞ்சள் எப்போதும் கரண்ட் வேண்டிய வயர், ஸ்டீரியோ தன் செட்டிங்கை மறக்காமல் இருப்பதற்காக. சிவப்பு சாவியோடு சேர்ந்து வர வேண்டியது. இரண்டும் ஒன்றானால் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது திரை மட்டும்தான் அணையும். உள்ளே ஆண்ட்ராய்டு கண் விழித்தபடியே இருக்கும். என் தம்பி வண்டியிலும் இதே கதைதான்.

திருநகர் வெள்ளை ஸ்விப்ட்:

அளந்தேன். அரை மணி நேரம் கழித்து 0.43. ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கியவுடன் 0.02. ஷெட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 0.43-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்குப் பத்து ஏஎச் போயிருக்கிறது. 35-இல் மூன்று நாளில் முப்பது காலி. வியாழக்கிழமை டக் டக் என்றதில் வியப்பே இல்லை. நல்லாயிருந்த பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஸ்டீரியோவைப் பிரித்தேன். முறுக்கி டேப் சுற்றிய இடம் அப்படியே இருந்தது. சிவப்பை மட்டும் பிரித்து, சாவி முதல் நிலைக்கு வந்தால் கரண்ட் வரும் வயரில் கொடுத்தாயிற்று. இப்போது எல்லாம் மாட்டிய நிலையில் 0.03.

பழைய ஸ்பேனர்:

சபாஷ். இன்னொரு வேலை பாக்கி. இத்தனை முறை அடிவரை காலியான பேட்டரியை கோயிலுக்கும் வீட்டுக்கும் ஓட்டி நிரப்ப முடியாது. ஒரு பேட்டரிக் கடையில் கொடுத்து, குறைந்த ஆம்பியரில் ஒரு ராத்திரி முழுவதும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். காலியாகவே கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து, புது பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

திருநகர் வெள்ளை ஸ்விப்ட்:

சார்ஜ் போட்டு மாட்டிவிட்டேன் அண்ணே. ஞாயிறு இரவு நிறுத்தியது, இன்று வியாழன் காலை 12.5, ஒரே திருப்பில் கிளம்பியது. சாவியை முதல் நிலையில் வைத்து அப்பாவிடமே விடலாம் என்று பார்த்தேன். "வண்டியை எடுத்துக்கொண்டு அழகர்கோயில் போய்விடுவேன்னு பயமாடா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு ஒரு பாக்கெட் ரேடியோ வாங்கிக் கொடுத்தாயிற்று.

காளவாசல் டீசல்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்பாசடரில் ஸ்டீரியோவே கிடையாது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.