1700 ரூபாய் வர்த்தமானியை நீதிமன்றம் நிறுத்தியது எப்படி? அதிகாரப் பிரிவினை பற்றி ஒரு கேள்வி

ஹட்டன்_அரசறிவியல்:

வணக்கம். உயர்தர வகுப்புக்கு அதிகாரப் பிரிவினைப் பாடத்தை மலையகத்து உதாரணங்களோடு தயாரிக்கிறேன். மூன்று பெட்டி வரைந்து பாராளுமன்றம், ஜனாதிபதி, நீதிமன்றம் என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்றுதான் பல குறிப்புப் புத்தகங்களில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பது வேறு. 2024 மே தினத்தையொட்டி தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த வர்த்தமானி சட்டமா, நிர்வாக உத்தரவா? அதை நிறுத்த முடியும் என்றால், பாராளுமன்றம் போடும் சட்டத்தையும் நீதிமன்றம் நிறுத்தலாமா? தோட்டத்து லயன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? உறுப்புரை இலக்கங்களோடு சொன்னால் பெரிய உதவி.

கண்டி_சட்டத்தரணி:

டீச்சர், பெட்டி வரைவதற்கு முன் இலங்கையின் 1978 யாப்பின் 3ஆம், 4ஆம் உறுப்புரைகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். இறைமை மக்களுடையது, பராதீனப்படுத்த முடியாதது என்கிறது 3. அதை யார் யார் பிரயோகிப்பது என்பது 4இல் வருகிறது. சட்டவாக்க அதிகாரம் பாராளுமன்றத்துக்கும், மக்கள் தீர்ப்பின்போது (சர்வசன வாக்கெடுப்பு) நேரடியாக மக்களுக்கும். ஆட்சித்துறை அதிகாரம் மக்கள் தெரிவுசெய்யும் ஜனாதிபதிக்கு. நீதிமுறை அதிகாரத்தைச் சொல்லும் 4(இ)தான் பரீட்சையில் எல்லோரும் பிழைவிடும் இடம். அந்த அதிகாரத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறது. நேரடியாக நீதிமன்றங்களுக்கு என்று இல்லை. பாராளுமன்றம் தானே நேரடியாகப் பிரயோகிக்கக்கூடியது தன் சிறப்புரிமை விடயங்களை மட்டும். ஆட்சித்துறையும் முழுக்கப் பிரிந்து நிற்கவில்லை. அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்தே ஆகவேண்டும்.

இப்போது வர்த்தமானி. வர்த்தமானி என்பது அச்சிடும் இடம். அதில் சட்டமூலமும் வரும், நியமனமும் வரும், அமைச்சரின் கட்டளையும் வரும். அதனால் "வர்த்தமானியில் வந்துவிட்டது, இனிச் சட்டம்தான்" என்று பேசுவது தவறு. எந்தக் கை எந்தச் சட்டத்தின் கீழ் கையெழுத்திட்டது என்று பார்க்கவேண்டும்.

தோட்டச் சம்பளத்துக்கு மூலம் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம். அது சட்டவாக்கத்தின் வேலை. அந்தச் சட்டத்தின் கீழ் தேயிலைத் தொழிலுக்கு ஒரு சபை இருக்கிறது. முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிற்சங்கப் பிரதிநிதிகள், அரசு நியமிக்கும் உறுப்பினர்கள், தொழில் ஆணையாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். சபை ஒரு தொகையை முன்மொழியும், ஆட்சேபங்களைக் கேட்கும், பிறகு தீர்மானிக்கும். அமைச்சர் அங்கீகரித்தால் வர்த்தமானியில் வரும். இந்தப் படிகள் எல்லாம் ஆட்சித்துறையின் வேலை. பாராளுமன்றம் ஒப்படைத்த அதிகாரத்துக்கு ஓர் எல்லையும் ஒரு முறையும் உண்டு. எல்லையைத் தாண்டினாலோ ஒரு படியைத் தவறவிட்டாலோ 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரியின் சட்டவிரோத உத்தரவை ரத்துசெய்யக் கேட்கும் மனு, போடலாம்.

1700 ரூபாய் போதுமா, கூடவா என்பது ரிட் மனுவில் கேள்வியே அல்ல. அதிகாரம் இருந்ததா, முறை பின்பற்றப்பட்டதா, பாதிக்கப்படும் தரப்புக்குச் சொல்ல இடம் கொடுக்கப்பட்டதா என்பவைதான் கேள்வி. 2021இல் 1000 ரூபாய் வர்த்தமானிக்கு எதிராகவும் பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024இலும் அந்த நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போய்த்தான் தடை எடுத்தன. இடைக்காலத் தடை இறுதித் தீர்ப்பு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வர்த்தமானி கைவிடப்பட்டு, சபை மறுபடி கூடி, செப்டம்பரில் 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வர்த்தமானியில் வந்தது.

பதுளை_தொழிற்சங்கம்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில். நிறைவேறிய சட்டத்தை நிறுத்த முடியாது. சபாநாயகர் சான்றுரை இட்ட பிறகு அந்தச் சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக்கூடாது என்கிறது 80(3). கேள்வி கேட்க வாசல் திறந்திருப்பது சட்டமூலமாக இருக்கும்போது மட்டும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரல்) ஏறிய பிறகு மிகக் குறுகிய அவகாசத்துக்குள் 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். யாப்போடு முரண் என்று கண்டால் அதை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், அதாவது 225இல் 150. சில உறுப்புரைகளைத் தொட்டால் மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

இதில் நடைமுறைச் சிக்கல், சட்டமூலம் வந்திருப்பது தோட்டப்புறத்துக்குத் தெரியும்போது அவகாசம் முடிந்திருக்கும். குழுநிலையில் சேர்க்கும் திருத்தங்கள் இன்னும் மோசம். மனுப் போட்டவர் பார்த்த வாசகம் ஒன்று, நிறைவேறிய வாசகம் இன்னொன்று.

இதே பூட்டு தொழிலாளிக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தில் மாதம் 10,000, நாள் 400 ரூபாய் என்று பாராளுமன்றமே தொகையை எழுதிவைத்தது. பிறகு திருத்தச் சட்டங்களால் தொகை உயர்ந்தது. வர்த்தமானிக் கட்டளையை அசைக்கிற மாதிரி இதை ரிட் மனுவால் அசைக்க முடியாது. தோட்டச் சம்பளத்தையும் அப்படிச் சட்டத்துக்குள் வையுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

திறைசேரிப் பணம் என்றால் வழி வேறு. பொது நிதி முழுக்கப் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் என்கிறது 148. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் வருகைக்கு அரசு தரும் 200 ரூபாய் அந்த வழியாகத்தான் போனது. அடிப்படைச் சம்பளம் கம்பனியின் செலவு, அதற்கு இந்த வழி பொருந்தாது.

பழைய_தீர்ப்புகள்:

தொழிற்சங்க அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதைத் தெரியாமல் பாடசாலையை விட்டுப் போகக்கூடாது. நீதிமன்ற வாசல் திறந்திருந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். சுதந்திர காலத்துச் சோல்பரி யாப்பில் 29(2) இருந்தது. அதன்படி, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மீது மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது. நிறைவேறிய சட்டத்தையும் அன்று நீதிமன்றம் பரிசீலிக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் என்று ஆக்கிய 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் அந்தக் காலத்தவை. 1947 தேர்தலில் ஏழு ஆசனம் வென்ற இலங்கை இந்தியன் காங்கிரசின் வாக்காளர்களை அவை பட்டியலில் இருந்து துடைத்தன.

இதை எதிர்த்து வந்த கோடகன்பிள்ளை வழக்கில் சட்டம் செல்லும் என்றது உயர் நீதிமன்றம். 1953இல், அன்று இறுதி மேன்முறையீடு போன இங்கிலாந்துப் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிப்படுத்தியது. யார் பிரசை என்று தீர்மானிப்பது சட்டவாக்கத்தின் இயல்பான அதிகாரம், சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை என்ற கோணத்தில் போனது அந்தத் தீர்ப்பு. யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே பிரிவி கவுன்சில் 1965இல், லியனகே வழக்கில், 1962 இராணுவச் சதி சந்தேகநபர்களைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் நீதிமுறை அதிகாரத்துக்குள் நுழைகிறது என்று அதைச் செல்லாததாக்கியது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சட்டத்தின் நோக்கத்தை நீதிமன்றம் எப்போது பார்த்தது, எப்போது பார்க்க மறுத்தது?" என்று கேளுங்கள் டீச்சர். நல்ல கட்டுரை வினா அது.

அண்மைய உதாரணம் வேண்டுமென்றால் 2018. நவம்பர் 9 பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பர் 13 உயர் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது யாப்புக்கு முரண் என்றார்கள். அப்போது நான்கரை வருடம் கழியும்வரை ஜனாதிபதி தாமாகக் கலைக்க முடியாது. இப்போது அது இரண்டரை வருடம். பழைய குறிப்பை வைத்துப் படிப்பிப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ளவேண்டும்.

ஹட்டன்_அரசறிவியல்:

மிக்க நன்றி. வீட்டு நோட்டீஸ் பற்றி யாராவது? அது மாகாண விடயம் என்று ஒரு குறிப்பில் இருக்கிறது.

கண்டி_சட்டத்தரணி:

அந்தக் குறிப்பை நம்பவேண்டாம். நமக்கு இதில் சொந்தத் தீர்ப்பே இருக்கிறது, ராகலை ஸ்டாபோர்ட் தோட்ட வழக்கு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வந்த வெளியேறல் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் கேட்கப்பட்டது. அந்த நீதிமன்றத்துக்கு அதற்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2013 செப்டம்பர் 26 உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம், 154P(4) மாகாண மேல் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் கொடுப்பது மாகாண சபை நிரலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். அரச காணி, மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட நிரலில் இருக்கிறது. ஆகவே ரிட் மனு என்றால் கொழும்புக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு.

பலர் தவறவிடுவது காலம். நோட்டீஸில் குறைந்தது 30 நாள் கொடுக்கவேண்டும். அந்த நாட்களைத் தோட்டத் துரையோடு (முகாமையாளர்) பேசியே கழித்துவிட்டு நீதவான் நீதிமன்றத்தில் "மூன்று தலைமுறையாக இருக்கிறோம்" என்று சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்துமூல அதிகாரமோ இருந்தால் மட்டுமே நீதவானிடம் காரணம் காட்டலாம். மற்ற வாதங்களுக்கு அங்கே இடம் இல்லை. அவற்றை ரிட் மனுவில் வைக்கவேண்டும், அதுவும் வெளியேற்றும் கட்டளை வருமுன்.

அடிப்படை உரிமை மீறல் என்றால் 126இன் கீழ் உயர் நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு) முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. புகார் கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததற்குக் கடிதம் வேண்டும். 126 ஆட்சித்துறை, நிர்வாகச் செயலுக்கு மட்டும் பொருந்தும். கம்பனி வேலையை நிறுத்தினால் அது தொழில் நியாயமன்றத்துக்குரிய விடயம். அங்கிருந்து மேன்முறையீடு போவது மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. காணிக்கு இல்லாத வாசல் இதற்கு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.