பள்ளம் இல்லாமல் என்ன இப்சா?

பத்தர்மகன்:
நேற்று ஒருவர் சியோலில் வாங்கிய தோட்டைப் படம் போட்டு, "அசல் கொரிய இப்சா" என்று, அதாவது உலோகத்தில் வெள்ளிக் கம்பி பதிக்கும் வேலை என்று, பீற்றியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கறுத்த இரும்புத் தகடு, வெள்ளிக் கம்பி அதன் மேலேயே கிடக்கிறது. பள்ளம் எங்கே? பள்ளம் வெட்டிப் பதித்தால்தான் இப்சா. இது ஒட்டு வேலை.

சியோல்வாசி:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். இரும்பின் முகத்தை உளியால் நெடுக்கு, குறுக்கு, இரண்டு மூலைவாட்டம் என்று நாலு பக்கமும் நெருக்கமாகக் கொத்துவார்கள். விரல் வைத்தால் அரம் மாதிரி உரசும். அதன்மேல் கம்பியை வைத்துத் தட்டினால் அந்த முட்களே கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, பற்றவைக்கும் பொடியும் இல்லை. கொரியாவின் சோசோன் அரசர்கள் காலத்து முறை.

பத்தர்மகன்:
பள்ளம் எங்கே என்று கேட்டேன். கொரியாவில் மிர்யாங் ஊர் பியோசுங்சா கோயில் தூபக்கலசம், 1177, வெண்கலம். பள்ளம் வெட்டி வெள்ளி பதித்தது. அது வேலை!

கணக்கன்:
வெண்கலமும் இரும்பும் ஒன்றா சார்? இரும்பில் பள்ளம் வெட்டி முடிப்பதற்குள் உளி மழுங்கிவிடும்.

பத்தர்மகன்:
மூன்று தலைமுறையாக உளி பிடித்த வீட்டில் வந்து உளியைப் பற்றிப் பாடமா? 'இப்சா' என்றாலே இழை நுழைத்தல். நுழையப் பள்ளம் வேண்டாமா?

துங்கபத்ரா:
எல்லாம் நம்ம கர்நாடகத்துப் பீதரி வேலையைப் பார்த்துக் காப்பியடித்தது :)

சியோல்வாசி:
அந்தக் கலசம் செய்த நாளில் பீதரி பிறக்கவே இல்லை. பீதரி துத்தநாகக் கலவை, பீதர்க் கோட்டை மண்ணில் கறுப்பாக்குவது. சும்மா வந்து குட்டையைக் குழப்பாதீர்கள்.

துங்கபத்ரா:
பீதரியை இளக்காரமாகப் பேச நீங்கள் யார்?

மல்லிகா:
சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கலாமா? இரும்புத் தோடு வியர்வைக்குத் துருப்பிடிக்காதா?

சியோல்வாசி:
காதுக்குள் போகிற தண்டு வெள்ளி அக்கா. இரும்பு முகப்பில் மட்டும்தான்.

பத்தர்மகன்:
ஆக, பள்ளமும் இல்லை, தண்டும் இரும்பு இல்லை. பேஷ்.

சியோல்வாசி:
போன தீபாவளிக்கு என் அம்மாவின் ஜிமிக்கியையே "மெஷின் வேலை" என்று சொன்னவர்தானே நீங்கள்? பொடி வைத்து ஊதிப் பழகிய குடும்பம், பேச்சிலும் பொடி. 1983-ல் அந்த நாட்டு அரசே இப்சாவைத் தேசிய மரபுக் கலையாக அறிவித்தது. கொத்துவதும் அதில் சேர்த்தி.

பத்தர்மகன்:
அரசு சொன்னால் பள்ளம் வந்துவிடுமா? அந்த ஜிமிக்கி இன்றைக்கும் மெஷின் வேலைதான்.

கணக்கன்:
சார், அம்மா நகையை விடுங்களேன்.

பத்தர்மகன்:
நீங்கள் முதலில் உளியை விடுங்கள்.

சியோல்வாசி:
பின்பக்கமும் படம் போட்டிருக்கிறேன். கண் இருந்தால் பாருங்கள்.

பத்தர்மகன்:
பின்பக்கம் யார் கேட்டது? பள்ளத்தைக் காட்டுங்கள்.