தானாக முளைக்கும் கீரை: எதைப் பறிக்கலாம், ஏன் கொழகொழக்கிறது?

வேலியோரம்:
சுவரோரத்திலும் தொட்டிகளிலும் தானாக முளைக்கும் பருப்புக்கீரை, குப்பைக்கீரை, புளியாரை மூன்றையும் சமைக்கலாம் என்று இருக்கிறேன். சில சந்தேகங்கள். பருப்புக்கீரையோடு பால் வடியும் தரைபடர் செடி ஒன்று பின்னிக் கிடக்கிறது, பறிக்கும்போது எப்படிப் பிரிப்பது? பருப்புக்கீரையை வதக்கினால் கொழகொழவென்று ஆகி, புளிப்பும் தூக்கலாக இருக்கிறதே, என்ன காரணம்? குப்பைக்கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள் சிலர், சத்து போய்விடும் என்கிறார்கள் சிலர். எது சரி?

களைக்கொத்தி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கொத்தையும் செடியருகிலேயே ஒடித்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் செடி வாடிப் பால் சரியாக வராது. பருப்புக்கீரைத் தண்டு சதைப்பற்றாக, மயிரில்லாமல் வழவழவென்று, பெரும்பாலும் செம்பழுப்பாக இருக்கும். ஒடித்தால் தெளிந்த நீர்தான் கசியும். வெள்ளைப் பால் துளிர்த்தால் அது அம்மான் பச்சரிசி வகை. தண்டு மெல்லியது, இலையில் சதையே இருக்காது. அந்தப் பால் எரிச்சல் தரும், பட்ட கையோடு கண்ணைத் தொடக் கூடாது.

பால் வராததெல்லாம் பருப்புக்கீரை என்றும் முடிவு கட்டாதீர்கள். சாரணையிலும் பால் கிடையாது. எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் சாரணை. அதன் பூ வெள்ளை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு, பருப்புக்கீரைப் பூ மஞ்சள். முற்றிய சாரணை வயிற்றைக் கலக்கிவிடும்.

குப்பைக்கீரை இலையின் நுனியில் சின்ன வெட்டு இருக்கும், அடிப்பக்கம் நரம்பு புடைத்துத் தெரியும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதையும் சாப்பிடலாம், ஆனால் முள் கடினமாவதற்கு முந்தைய குருத்தை மட்டும்.

மென்று பார்த்துக் கண்டுபிடிப்பது, ஆடு மேய்கிறதா என்று பார்ப்பது இரண்டும் ஆபத்து. விஷச்செடி எல்லாமே கசக்கும் என்றில்லை. ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

அடுப்பங்கரை:
கொழகொழப்புக்குக் காரணம் செடியில் இயல்பாக உள்ள பசை. எவ்வளவு பொடியாக அரிகிறோமோ அவ்வளவு பசை வெளியே வரும். குறைந்த தீயில் மூடிவைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் நீர்விட்டுக் கூழாகிவிடும். அதனால் இரண்டு அங்குலத் துண்டுகளாகக் கிள்ளுங்கள். கழுவியபின் துணியில் பரப்பி ஈரத்தைப் போக்குங்கள். அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, பூண்டு சிவந்ததும் 200 கிராம் கீரையைப் போட்டு, பெருந்தீயில் மூடாமல் 3 நிமிடம் புரட்டினால் போதும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும். ஒரே தடவையில் அரைக்கிலோவைக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். இரண்டு ஈடாகச் செய்யுங்கள்.

புளிப்பு நீங்கள் பறிக்கும் நேரத்தைப் பொறுத்தது. இந்தச் செடி, அதுவும் தண்ணீர் இல்லாமல் காயும்போது, இரவில் மாலிக் அமிலத்தைச் சேர்த்துவைத்துப் பகல் வெயிலில் செலவழிக்கும். விடியலில் பறித்தால் நல்ல புளிப்பு, மாலையில் பறித்தால் மட்டு. பருப்போடு வேகவைப்பதென்றால் காலைக்கீரை பிரமாதம், தனியாகப் புளி தேவைப்படாது.

நாணல்:
தண்ணீரைக் கொட்டுங்கள். குப்பைக்கீரையில் ஆக்சலேட்டும் (சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் உப்பு) நைட்ரேட்டும் (மண்ணிலிருந்து செடி எடுக்கும் தழைச்சத்து உப்பு) நிறைய. நைட்ரேட்டும் ஆக்சலேட்டில் ஒரு பகுதியும் நீரில் கரைபவை என்பதால் கொதிநீரில் இறங்கிவிடும், வதக்கினால் கீரையிலேயே தங்கும். வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போவது உண்மை, ஆனால் அதை வேறு காய்கனியில் ஈடுகட்டலாம். உரம் போட்ட மண்ணிலும் வறட்சியிலும் வளர்ந்த செடியில் நைட்ரேட் கூடுதலாகச் சேரும்.

அளவு: 250 கிராம் இலைக்கு 2 லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மூடாமல் 3 நிமிடம், பிறகு வடித்துப் பிழியுங்கள். மூடினால் கீரையிலிருந்து எழும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் மறுபடி உள்ளேயே விழும், பச்சை மங்கிப் பழுப்பாகும். பருப்புக்கீரைக்கு ஒரு நிமிடம் போதும். கூடவே தயிர் சேர்த்துக்கொள்வது நல்லது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்த மூன்றையும் தவிர்க்கட்டும். சமைத்ததை அன்றே முடித்துவிடுங்கள், வெளியே வைத்தால் நைட்ரேட் நைட்ரைட் என்ற நச்சாக மாறும். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

சமையலைவிட இடம் முக்கியம். சாலையோரம், பழைய வண்ணப்பூச்சு உதிரும் சுவரடி, களைக்கொல்லி அடித்த மண், சாக்கடை ஓரம் ஆகிய இடங்களில் பறிக்கவே கூடாது. கழுவினால் மேலிருக்கும் தூசிதான் போகும், வேர் உறிஞ்சிய ஈயமும் காட்மியமும் போகாது. நீங்கள் சொல்லும் சுவரோரம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிதான் எனக்கு நிம்மதி.

களைக்கொத்தி:
ஒன்று விட்டுவிட்டேன், முக்கியமானது. குப்பைக்கீரை முளைக்கும் அதே குப்பைமேட்டில் ஊமத்தை நாற்றும் முளைக்கும். கைப்பிடியாக அறுத்தால் கலந்துவிடும், ஒவ்வொரு செடியாகக் கிள்ளுங்கள். கசக்கினால் கெட்ட வாடை, விளிம்பு நெளிந்த இலை என்றால் மொத்தக் கொத்தையும் ஒதுக்குங்கள். ஊமத்தையின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த பசலை வகைக் கீரையிலேயே ஊமத்தை கலந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். வாய் வறண்டு, பார்வை மங்கி, கண்மணி விரிந்து, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்காகவே சமைக்காத ஒரு கொத்தை எடுத்துவையுங்கள், கையோடு கொண்டுபோகலாம்.

வேலியோரம்:
மிக்க நன்றி. சுவரோரத்தை விட்டுவிடுகிறேன், தொட்டியில் மட்டும் பறிக்கிறேன். புளியாரையையும் இதேபோல வேகவைத்து வடிக்க வேண்டுமா?

அடுப்பங்கரை:
வடித்தால் புளிப்பே போய்விடும், பிறகு அதில் ஒன்றும் இல்லை. அதைக் கீரையாக எண்ணாமல் புளிப்புச் சேர்க்கும் பொருளாக எண்ணுங்கள். அதன் புளிப்பே ஆக்சலேட்தான், அதனால் நால்வர் உணவுக்கு ஒரு சிறு கைப்பிடி போதும், தினமும் வேண்டாம். இதய வடிவில் மூன்று இலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ, நிமிர்ந்து நிற்கும் குச்சிக்காய் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அலுமினியம், வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களில் வைக்காதீர்கள். எஃகோ மண்சட்டியோ சரி. இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு போடுங்கள். நிறம் உடனே ஆலிவ் பழுப்பாக மாறும், அமிலம் பச்சையத்தை மாற்றுவதால் வருவது, கெட்டுப்போனதல்ல.