புதுப்பிப்பு: குறைந்த பட்ஜெட் கேமிங் கணினி ஓட ஆரம்பித்துவிட்டது

இருக்கிற பணத்தில் பெரும் பங்கைப் பிராசசருக்குக் கொடுப்பதா, கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். கார்டுக்கே கொடு என்றீர்கள் பலரும். அப்படியே செய்தேன், ரொம்ப நன்றி.

வாங்கியவை: ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. பிராசசரோடு வந்த கூலரே போதுமாக இருக்கிறது. கேபினட்டில் காற்று நன்றாக வந்து போனால் சரி.

ரேம் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்கினேன். அப்போதுதான் டூயல் சேனல், அதாவது பிராசசர் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதி, கிடைக்கும்; விளையாட்டில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அப்புறம் பயாஸை (மதர்போர்டின் அமைப்புத் திரை) திறந்தால், வேகம் 3200 என்று போட்டிருந்த ரேம் 2133-ல் நின்றது. பழுது இல்லை, ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை பயாஸில் ஆன் செய்யும் வரை அப்படித்தான் ஓடும். ஆன் செய்ததும் 3200 வந்துவிட்டது.

மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டில் செருகினால் திரையில் எதுவும் வராது.

1080பி (1920x1080) திரைத் தெளிவில் நான் விளையாடுபவை எல்லாம் சீராக ஓடுகின்றன. ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன், இந்தக் கார்டுக்கு அது பெரிய சுமை. 500 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரம் நிரம்பிவிடும் போலிருக்கிறது. பணம் சேர்ந்ததும் அடுத்து அதைத்தான் மாற்றப் போகிறேன்.